மேகத்துக்கும் மழைக்கும் நடுவே ஓர் அம்புக்குறி



உங்கள் பாடப்புத்தகத்தில் நீர்ச் சுழற்சிப் படம் ஒன்று இருக்கும். கடலிலிருந்து மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. அதன் அருகே "ஆவியாதல்" என்று எழுதியிருக்கும். மேலே பஞ்சுப் பொதிபோல ஒரு மேகம். மேகத்திலிருந்து கீழ்நோக்கி இன்னோர் அம்புக்குறி, அதுதான் மழை. இந்தப் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் முழு மதிப்பெண் கிடைக்கும். நானும் அப்படித்தான் வாங்கினேன்.

அந்த இரண்டாவது அம்புக்குறியை வரைவது எளிது. ஆனால் அது ஏன் அங்கே வருகிறது என்று ஆசிரியரைக் கேட்டுப் பாருங்கள், சற்றுத் தயங்குவார். தயங்குவதில் தவறில்லை. கடலின் மேல் மிதக்கும் மேகங்களில் மிகப் பல, ஒரு துளி கூடச் சிந்தாமல் கலைந்து போகின்றன. ஒரே நாளில், ஒரே கடலின் மேல், ஒன்றுக்கொன்று பக்கத்தில் நிற்கும் இரண்டு மேகங்களில் ஒன்று பொழிகிறது. மற்றொன்று கரைந்து மறைகிறது. இரண்டிலும் இருப்பது தண்ணீர்தானே? பின் ஏன் இந்த வேறுபாடு?

இதற்கு விடை காண வேண்டுமானால் தண்ணீரை மட்டும் அளந்தால் போதாது. காற்றில் கலந்துள்ள உப்பையும் கந்தகத்தையும் புகைக்கரியையும் சேர்த்து அளக்க வேண்டும் என்பது என் கட்சி. மழை ஆராய்ச்சி என்றால் அது பௌதிகத்தின் தனிச்சொத்து என்று பலர் எண்ணுகிறார்கள். மேகத்துக்குள் பறக்கும் ஆராய்ச்சி விமானத்தில் வேதியியலாருக்கும் ஓர் இருக்கை வேண்டும். ஏன் என்று சொல்கிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

மேகம் என்பது நீராவி அன்று. நீராவி கண்ணுக்குத் தெரியாது. மேகத்தில் நாம் காண்பது மிக நுண்ணிய நீர்த்துளிகள். அவற்றில் ஒன்றின் ஆரம் ஏறத்தாழ 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நல்ல மழைத்துளி ஒன்றின் ஆரம் 1 மில்லிமீட்டர். ஆரம் நூறு மடங்கு. பருமனோ நூறின் மும்மடி, அதாவது பத்து லட்சம் மடங்கு! ஒரு மழைத்துளிக்குள் பத்து லட்சம் மேகத்துளிகள் அடங்கியிருக்கின்றன.

நீராவி மேன்மேலும் படிந்து படிந்து ஒரு மேகத்துளி மழைத்துளியாக வளர முடியுமா? துளி பெரிதாகப் பெரிதாக அதன் ஆரம் வளரும் வேகம் குறைகிறது. ஆரம் இரட்டிக்க நான்கு மடங்கு நேரம். பத்து மடங்காக நூறு மடங்கு நேரம். ஒரு துளி 10 மைக்ரான் ஆரத்தை எட்ட 5 நிமிடம் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். 1 மில்லிமீட்டரை எட்ட அதைப்போல் 10,000 மடங்கு, அதாவது 50,000 நிமிடம் வேண்டும். நாளாக மாற்றிப் பாருங்கள். ஏறக்குறைய 35 நாள்! ஆனால் கடலின் மேலுள்ள ஒரு சிறு மேகம் பிறந்து, வளர்ந்து, பெய்து, மறைவதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகிறது. ஆகவே மழைத்துளி இந்த வழியில் பிறக்கவில்லை.

துளிகள் ஒன்றோடொன்று மோதிச் சேர்வதுதான் வழி. ஆனால் அதிலும் ஒரு சிக்கல். சாலையில் எல்லாப் பேருந்துகளும் ஒரே வேகத்தில் ஒரே திசையில் போனால் ஒன்றோடொன்று மோதுமா? மேகத்துளிகள் எல்லாம் 10 மைக்ரான் அளவில் இருந்தால், எல்லாமே விநாடிக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வேகத்தில்தான் இறங்கும். மோதல் நடப்பது அரிது. மற்றவற்றைவிடப் பெரிய துளி ஒன்று வேண்டும். அது வேகமாக இறங்கும். வழியிலுள்ள சிறு துளிகளை விழுங்கும். விழுங்க விழுங்கப் பெருக்கும். மேலும் வேகமாக இறங்கும். முழு மழைத்துளி ஆனபின் அதன் வேகம் விநாடிக்கு 6 மீட்டருக்கும் மேல்.

எத்தனை பெரிய துளிகள் வேண்டும்? மிகக் கொஞ்சமே போதும். தூய கடற்காற்றில் தோன்றிய மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்கு நூறு துளிகள் இருந்தால் ஒரு லிட்டருக்கு ஒரு லட்சம் ஆகிறது. மழை பெய்யும்போது ஒரு லிட்டர் காற்றில் இருப்பதோ ஏறத்தாழ ஒரே ஒரு மழைத்துளி! லட்சத்தில் ஒரு துளி முந்திக்கொண்டால் போதும், மழை வந்துவிடும். அந்த லட்சத்தில் ஒருவன் யார்? எங்கிருந்து வந்தான்? மழையின் இரகசியம் முழுவதும் இக்கேள்வியில் இருக்கிறது.

இங்கேதான் உப்பு வருகிறது.

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பாட்டிலில் இரண்டு கரண்டி வெதுவெதுப்பான நீரை ஊற்றி மூடிக் குலுக்குங்கள். பாட்டிலை அழுத்தி விடுங்கள். உள்ளே பெரிதாக ஒன்றும் தெரியாது. இப்போது பெரியவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து, அதன் புகையைச் சிறிது உள்ளே விட்டு மூடுங்கள். மறுபடி அழுத்தி விடுங்கள். பாட்டிலுக்குள் மேகம்! அழுத்தினால் மறையும், விட்டால் தோன்றும். ஸ்காட்லாந்துக்காரரான ஜான் அய்ட்கன் 1880-களில் இதைப் போன்ற சோதனைகளால் ஓர் உண்மையை நிலைநாட்டினார். நீராவி வெறுங்காற்றில் துளியாக மாறுவதில்லை. தொற்றிக்கொள்ள ஒரு நுண்துகள் வேண்டும். துகளே இல்லாத காற்றில் ஈரப்பதம் 100 சதவீதத்தைப் பல மடங்கு தாண்டினாலொழியத் துளி பிறக்காது.

நடுக்கடலில் தூசுக்கு எங்கே போவது? கடலே தருகிறது. அலை உடையும்போது காற்று நீருக்குள் மாட்டிக்கொண்டு குமிழிகளாக மேலே வருகிறது. குமிழி வெடிக்கும்போது அதன் மெல்லிய படலம் சிதறிச் சிறு திவலைகளாகிறது. குழிந்த இடத்திலிருந்து ஊசிபோல் எழும்பும் நீர்த்தாரையும் திவலைகளைத் தெறிக்கிறது. அவை காற்றில் உலர்ந்தால் எஞ்சுவது உப்புத்துகள். அமெரிக்காவின் உட்ஸ் ஹோல் கடல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் உட்காக், 1950-களில் இந்த உப்புத் துகள்களைப் பிடிக்க ஓர் எளிய வழியைக் கையாண்டார். பறக்கும் விமானத்திலிருந்து சிறு கண்ணாடித் தகடுகளைக் காற்றில் நீட்டினார். துகள்கள் தகட்டில் மோதி ஒட்டிக்கொண்டன. பின்னர் உருப்பெருக்கியின் கீழ் வைத்து எண்ணினார். காற்று வலுக்க வலுக்கப் பெரிய உப்புத்துகள்கள் மிகுவதைக் கண்டார். அவரும் டங்கன் பிளாஞ்சர்டும், ஒவ்வொரு மழைத்துளியும் ஒரு பெரிய உப்புத்துகளைச் சுற்றித்தான் பிறக்கிறதோ என்ற கருத்தை 1955-இல் சோதிக்க முயன்றார்கள். உப்பு நீரை ஈர்க்கும். மழைக்காலத்தில் உப்புச் சாடி நசநசப்பதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? பெரிய உப்புத்துகள் மேகத்துக்குள் நுழைந்தால் தொடக்கத்திலேயே பெரிய துளியாகிவிடும். லட்சத்தில் ஒருவன் கிடைத்துவிட்டான் என்று தோன்றும்.

அவ்வளவு எளிதாக வழக்கு முடியவில்லை. இந்தக் கேள்வியோடு பல ஆராய்ச்சிக் கேள்விகளையும் சேர்த்துக்கொண்டு 2004 நவம்பர் முதல் 2005 ஜனவரி வரை கரீபியக் கடலிலுள்ள ஆன்டிகுவா, பார்புடா தீவுகளை மையமாகக் கொண்டு ஒரு பெரிய கூட்டு ஆராய்ச்சி நடந்தது. "கடல்மேல் குவிமேகங்களில் மழை" என்பது அதன் பெயரின் பொருள். முதலெழுத்துகளைச் சேர்த்து ரைகோ என்று அழைத்தார்கள். ஏன் அந்த இடம்? அட்லாண்டிக்கைக் கடந்து வரும் வியாபாரக் காற்று ஏறக்குறைய தூய்மையானது. அங்குள்ள மேகங்களும் உயரம் குறைந்தவை. உச்சி கூட நீர் உறையும் உயரத்தை எட்டுவதில்லை. ஆகவே பனிக்கட்டியின் குறுக்கீடு இல்லாமல், துளிகள் மட்டுமே நடத்தும் மழையை அங்கே காணலாம். மூன்று விமானங்கள் பறந்தன. பார்புடாவில் ராடார் நின்றது. கடலில் ஒரு கப்பலும் இருந்தது.

உட்காக்கின் கண்ணாடித் தகடு அங்கே புது வடிவில் மறுபடி வந்தது. விமானத்துக்கு வெளியே சிறு பிளாஸ்டிக் தகடுகளை நீட்டிப் பெரிய துகள்களைப் பிடித்தார்கள். பிறகு ஈரப்பதத்தை உயர்த்தி வைத்த அறையில் உருப்பெருக்கியின் கீழ் வைத்தார்கள். உப்பு நீரை உறிஞ்சி உருண்டையான துளியாகும். மண்தூசு அப்படி ஆகாது. துளியின் அளவிலிருந்து உள்ளே எவ்வளவு உப்பு என்று கணக்கிடலாம். ஐம்பது ஆண்டு பழைய உத்தியை மின்னணுக் கருவிகள் நிறைந்த விமானத்தில் பார்க்க எனக்கு மகிழ்ச்சிதான்.

முடிவு என்ன? ரைகோவின் அளவீடுகளை வைத்துக் கணினியில் ஆராய்ந்த சிலர், அங்கே பார்த்த சிறு மேகங்களில் பெரிய உப்புத்துகளின் பங்கு மிகச் சிறிது, மேகம் எவ்வளவு உயரமாக, எவ்வளவு வலுவாக எழும்புகிறது என்பதே முக்கியம் என்றார்கள். வேறு சிலர், உப்புத்துளிகள் வளரும் வழியை மறுபடி கணக்கிட்டு, அவற்றுக்குக் கணிசமான பங்கு உண்டு என்கிறார்கள். மேகத்துக்குள் காற்றுச் சுழல்கள் துளிகளை மோதவைக்கின்றன என்று மூன்றாவது அணியும் உண்டு. விவாதம் இன்னும் முடியவில்லை. "ஐம்பது ஆண்டாகியும் விடை இல்லையா?" என்று சிலர் ஏளனம் செய்வார்கள். லட்சத்தில் ஒன்றைத் தேடும் வேலையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டு ஏளனம் செய்யட்டும்.

இனி வேதியியல் எப்படித் துப்பறிகிறது என்பதைப் பாருங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

கடல்நீரில் சோடியமும் சல்ஃபேட்டும் ஒரு நிலையான விகிதத்தில் இருக்கின்றன. எடையில், 4 பங்கு சோடியத்துக்கு ஏறத்தாழ 1 பங்கு சல்ஃபேட். உலகின் எந்தப் பெருங்கடலிலும் இந்த விகிதம் மாறுவதில்லை. இப்போது ஒரு மேகநீர் மாதிரியில் 4 பங்கு சோடியமும் 3 பங்கு சல்ஃபேட்டும் இருந்தால்? ஒரு பங்கு கடல் உப்போடு வந்தது. மீதி 2 பங்கு வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து? நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது எழும் கந்தக டை ஆக்ஸைடிலிருந்து வரலாம். அல்லது கடலில் வாழும் நுண்ணிய தாவரங்களிலிருந்தும் வரலாம். அத்தாவரங்களால் டைமெதில் சல்ஃபைடு என்ற வாயு உண்டாகிறது. கடற்கரையின் மணத்தில் அதற்கும் பங்குண்டு. அது காற்றில் ஆக்ஸிகரணமடைந்து சல்ஃபேட் துகளாகிறது. இவ்விரண்டையும் எப்படிப் பிரித்தறிவது? டைமெதில் சல்ஃபைடு சிதையும்போது மீதேன் சல்ஃபோனிக் அமிலம் என்ற பொருளும் உண்டாகிறது. புகைபோக்கியிலிருந்து அது வராது. ஆகவே அந்த அமிலம் நிறைய இருந்தால் கடல் உயிர்களின் கைவரிசை. புகைக்கரி இருந்தால் மனிதனின் கைவரிசை. கைரேகை நிபுணரின் வேலைதான் இது!

மேகத்துளிக்குள் இருந்த கரு எது என்றும் கேட்கலாம். அதற்கு ஓர் அழகான கருவி உண்டு. விமானத்தின் முன்னால் நீட்டிய குழாயின் வாயிலிருந்து காற்றை வெளிப்பக்கமாக ஊதுவார்கள். எதிரே வரும் காற்றும் இலேசான துகள்களும் விலகிப் போகும். கனமான மேகத்துளிகள் மட்டும் வந்த வேகத்தில் எதிர்க்காற்றைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழையும். உள்ளே நீரை ஆவியாக்கினால், துளி எதைப் பற்றிக்கொண்டு பிறந்ததோ அது மட்டும் எஞ்சும். அதைச் சோதிக்கலாம்.

டைமெதில் சல்ஃபைடு இன்னொரு வகையிலும் உதவுகிறது. அது கடற்பரப்பிலிருந்து மட்டுமே எழுகிறது. மேகத்துக்கு மேலுள்ள உலர்ந்த காற்றில் அநேகமாக இல்லை. ஓசோனோ மேலே மிகுதி, கீழே குறைவு. மேகத்துக்குள் மேற்காற்று எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதை இவ்விரண்டும் காட்டிக்கொடுத்துவிடும். பாலில் எவ்வளவு தண்ணீர் கலந்தார்கள் என்று கண்டுபிடிப்பது போல. 2001 ஜூலையில் கலிஃபோர்னியாக் கரைக்கு அப்பால், பசிபிக்கின் மேல் விரிந்து கிடக்கும் படலமேகங்களுக்குள் இரவில் விமானம் ஓட்டி இதைச் செய்தார்கள். உலர்ந்த மேற்காற்று விநாடிக்குச் சில மில்லிமீட்டர் என்ற அளவில் மேகத்தை மெல்ல அரித்துக்கொண்டு வருவது தெரிந்தது. எந்தக் காற்றுமானியாலும் நேரடியாக அளக்க முடியாத வேகம் அது! வாயுக்கள் சொல்லிக்கொடுத்தன. அதே பயணங்களில், மழை பெய்யாதவை என்று பலரும் எண்ணியிருந்த அந்தத் தட்டையான மேகங்களில் தூறல் அடிக்கடி விழுவதும் தெரியவந்தது. தூறல் விழும் இடங்களில் மேகப்போர்வை கிழிந்து ஓட்டையாகிறது. தூறல் துகள்களைக் கழுவிவிடுகிறது. துகள் குறைந்தால் தூறல் இன்னும் எளிதாகிறது.

துகள் குறைந்தால் மழை எளிது என்றேன். சற்று நின்று யோசியுங்கள். துகள் மிகுந்தால்? அதே அளவு நீரை நிறையப் பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் கிடைப்பது கொஞ்சம். துளிகள் சிறுத்து, ஏறக்குறைய ஒரே அளவாகி, மோதாமல் மிதக்கும். மழை தடைப்படும். மேகம் மட்டும் வெள்ளை வெளேரென்று மின்னும். 1960-களில் செயற்கைக்கோள் படங்களில் கடல்மேகங்களின் நடுவே நீண்ட வெள்ளைக் கோடுகளைக் கண்டு வியந்தார்கள். அவை கப்பல்களின் புகை வரைந்த கோடுகள். 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எண்ணெயில் கந்தகத்தின் உச்ச அளவை 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைத்தபின் அக்கோடுகளும் குறைந்தன.

நம் இந்துமகா சமுத்திரத்திலும் இது நடந்திருக்கிறது. 1999-இன் முதல் மூன்று மாதங்களில் மாலத்தீவை மையமாக வைத்து நடந்த பன்னாட்டு ஆராய்ச்சிக்குத் தமிழகத்தில் பிறந்த வி. ராமநாதனும், நோபல் பரிசு பெற்ற வேதியியலார் பால் கிரட்சனும் தலைமை தாங்கினார்கள். நம் நாட்டுக் கப்பல் சாகர் கன்யாவும் கலந்துகொண்டது. ஆசிய நிலப்பகுதியிலிருந்து கிளம்பிய பழுப்பு மூட்டம், நிலநடுக்கோடுவரை கடலின் மேல் படர்ந்திருந்தது. கரியும் சல்ஃபேட்டும் அதன் பெரும்பகுதி மனிதனிடமிருந்து வந்தது என்று காட்டின. மூட்டத்துக்குட்பட்ட மேகங்களில் துளிகள் எண்ணிக்கையில் மிகுந்தும் அளவில் சிறுத்தும் இருந்தன. தெற்கே தூய காற்றில் இதற்கு நேர்மாறு.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். உலகம் சூடாகிறது என்று எல்லாரும் கவலைப்படுகிறோம். அதற்கு மருந்தாக, கடல்நீரை மிக நுண்ணிய திவலைகளாக்கிக் கடல்மேகங்களுக்குள் தெளிக்கலாம். மேகம் வெளுத்துச் சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் என்று ஜான் லேதம் 1990-இல் ஒரு யோசனை சொன்னார். இன்று அது ஏட்டில் மட்டும் இல்லை. 2020-இல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் மேல் சிறு அளவில் தெளித்துப் பார்த்தார்கள். 2024-இல் கலிஃபோர்னியாவின் அலமீடா நகரில் ஒரு பழைய போர்க்கப்பலின் தளத்திலிருந்து தெளிக்கும் சோதனை தொடங்கியது. நகரமன்றம் அதைத் தொடர அனுமதிக்க மறுத்தது.

இந்த யோசனையை நான் ஒரேயடியாக எதிர்க்கவில்லை. ஆனால் பேசுபவர்கள் பெரும்பாலும் மேகத்தின் வெண்மையைப் பற்றியே பேசுகிறார்கள். மழையைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். உப்பு ஒன்றுதான். நுண்ணிய துகளாகத் தூவினால் மழையைத் தடுக்கக்கூடும். பெரிய துகளாகத் தூவினால் மழையைத் தூண்டக்கூடும். புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 1973-க்கும் 1986-க்கும் இடையே 11 பருவங்களில் மகாராஷ்டிரத்து மேகங்களில் உப்புத்தூளைத் தூவியது மழையைக் கூட்டத்தான். இரண்டு பகுதிகளை ஒதுக்கி, எந்த நாளில் எதில் தூவுவது என்பதைக் குலுக்கல் முறைக்கு விட்டுவிட்டு, தூவாத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பொறுமையை நான் மெச்சுகிறேன். மழை 24 சதவீதம் கூடியது என்ற முடிவைவிட, அதைச் சரிபார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட 11 பருவங்களே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. கடல்மேகத்தில் தெளிக்க விரும்புகிறவர்களும் அதே அளவு பொறுமை காட்டட்டும். தெளிப்பதற்கு முன்னும் பின்னும் மேகநீரில் எவ்வளவு உப்பு, எந்த அளவுத் துகள், எவ்வளவு கந்தகம், எவ்வளவு தூறல் என்று அளந்து எல்லாருக்கும் காட்டட்டும். ஒரு கடலில் நின்றுபோகும் தூறல், மேகம் நகரும் திசையிலுள்ள தீவுக்காரனின் கிணற்றில் வந்துசேர வேண்டிய நீராகவும் இருக்கலாம் அல்லவா?

நீங்கள் கடற்கரை ஊரில் இருந்தால் இன்னொரு சோதனையையும் செய்யலாம். வடிநீரால் கழுவிய கண்ணாடிக் கிண்ணத்தைத் திறந்த வெளியில், தரையிலிருந்து உயரமாக வைத்து, மழையின் முதல் ஐந்து நிமிட நீரைத் தனியாகவும் அரைமணி கழித்து விழும் நீரைத் தனியாகவும் பிடியுங்கள். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரிடம் சொல்லி, ஒவ்வொன்றிலும் சில சொட்டு வெள்ளி நைட்ரேட் கரைசலை விடச் செய்யுங்கள். குளோரைடு இருந்தால் இலேசான வெண்கலங்கல் தெரியும். எது அதிகம் கலங்குகிறது என்று பாருங்கள். உள்நாட்டில் இருக்கும் உறவினர் ஊரிலிருந்து மழைநீர் கிடைத்தால் அதையும் ஒப்பிடுங்கள். சீசாவின் மேல் தேதி, நேரம், காற்று வந்த திசை மூன்றையும் எழுதுங்கள். நீரில் விரல் மட்டும் படக்கூடாது. உங்கள் வியர்வையிலும் உப்பு உண்டு.